வாயைத் திறந்து வைத்தவர்களுக்கான சுவிசேஷம்

உங்கள் ஊழியக் களம் எது என்று பல் டாக்டரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: மனுஷனுடைய வாய். படிக்கிற காலத்தில் தெருமுனையில் நின்று துண்டுப்பிரதி கொடுத்துப் பார்த்தார்; வாங்கியவர்கள் கசக்கி எறிந்தார்கள். பஸ்ஸில் பேசிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர் தூங்குவதுபோல நடித்தார். கிளினிக்கில் அந்தத் தொல்லையே இல்லை. நாற்காலியைச் சாய்த்து, வாயில் ஒரு குழாய், ஒரு கண்ணாடி, இரண்டு விரல் வைத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட நாத்திகனும் வாய்பேசாமல் கேட்பான். எழுந்து போகவும் வழி கிடையாது.

"எவ்வளவு அமைதியா கேக்கறாங்க பாத்தீங்களா சிஸ்டர்?" என்று நர்ஸிடம் பூரித்துப் போவார்.

"வேற என்ன பண்ணுவாங்க டாக்டர்?" என்பார் நர்ஸ். பதினோரு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறவர். இந்தப் பதிலையும் பதினோரு வருஷமாகச் சொல்கிறார்.

டாக்டர் மோசமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. கைராசிக்காரர். விடுமுறை நாளில் பல்வலி என்று யாராவது வீட்டுக் கதவைத் தட்டினாலும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். விசுவாசம் என்பது ஞாயிறு ஆராதனையோடு முடிகிற காரியமில்லை, எழுந்ததிலிருந்து படுக்கிறவரை வாழ்ந்து காட்ட வேண்டியது என்பது அவர் கட்சி. அதில் யார் குறை சொல்ல முடியும்? பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி.

அவருக்கு மனசில் ஒரே ஒரு பாரம், அவருடைய தம்பி. ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் அடக்கத்தன்று சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சுவாக்கில், "இந்த வீட்டுலயே ஒருத்தன் இன்னும் இருட்டுல இருக்கான். அவனை நினைச்சு நினைச்சே அப்பா கண்ணை மூடினாரு" என்றும் சொல்லிவிட்டார். கூடியிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. தம்பி ஒரு பிடி மண் போடக்கூட நிற்காமல் போய்விட்டான்.

சத்தியம் குத்தியிருக்கிறது என்று டாக்டர் முடிவுகட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் முழங்காலில் நின்று, அவன் பேரைச் சொல்லி அழுது ஜெபிக்கிறார். அந்த அழுகையில் பொய்யில்லை. "ஒரு போன் பண்ணிடுங்களேன்" என்று மனைவி சொன்னால் மட்டும், "கர்த்தரே அவனைக் கொண்டுவருவாரு" என்று சொல்லிவிடுவார்.

கொண்டுவந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, தாடையைக் கையில் பிடித்தபடி தம்பி கிளினிக் வாசலில் நின்றான்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு..."

"ஒண்ணும் பேசாத. முதல்ல உக்காரு." டாக்டர் நாற்காலியைச் சாய்த்து விளக்கைத் திருப்பினார். பார்த்தார், கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். எடுத்துத்தான் ஆக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டார். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க சார்" என்று நர்ஸ் எல்லாரிடமும் சொல்வதை இவனிடமும் சொல்லிவைத்தார்.

வழக்கமாக டாக்டர் பத்து நிமிஷம் விட்டு, ஈறைத் தட்டி, மரத்ததா என்று கேட்டுவிட்டுத்தான் இடுக்கியைத் தொடுவார். அன்றைக்கு அது எங்கே ஞாபகம் வரும்? ஏழு வருஷம் சேர்த்து வைத்த பிரசங்கம் மடை திறந்துகொண்டது. அப்பாவின் கண்ணீர், வீணாய்ப்போன வருஷங்கள், இன்னும் திறந்திருக்கும் கதவு என்று போய், கடைசியில், "இப்பவே, இந்த நாற்காலியிலேயே உன்னை ஒப்புக்கொடுக்கறியா? ஒரே ஒரு அடையாளம் காட்டு!" என்று கேட்டபடியே இடுக்கியால் பல்லைப் பிடித்து அசைத்தார்.

தம்பியின் இடது கை விருட்டென்று மேலே போனது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"அல்லேலூயா!" என்றார் டாக்டர், இன்னும் பலமாக இழுத்தபடி.

"டாக்டர், அது வந்து..."

"சும்மா இருங்க சிஸ்டர். ஆவியானவர் கிரியை செய்யறாரு."

பல் வந்துவிட்டது. தம்பியின் வாயில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் போனை எடுத்து, நாற்பத்து மூன்று பேர் இருக்கிற ஜெபக்குழுவுக்கு எழுதினார்: "ஏழு வருட ஜெபத்துக்குப் பதில்! கல்நெஞ்சனாயிருந்த என் தம்பி இன்று கரம் உயர்த்தி ஆண்டவரை ஏற்றுக்கொண்டான்!" ஸ்தோத்திரங்கள் வந்து குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல அழைத்து வாருங்கள் என்று போதகரே எழுதியிருந்தார். டாக்டர் பெருமையோடு போனைத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி மேலிருந்து கீழ்வரை படித்தான். பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டான்.

"வலிச்சுது. அதான் தூக்கினேன்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தட்டிலிருந்த பல்லைப் பார்த்தார்.

"எங்க தெருவுலயே ரெண்டு பல் டாக்டர் இருக்காங்க" என்றான் தம்பி. இப்போதுதான் மரக்கத் தொடங்கிய உதடு ஒரு பக்கம் கோணியது. "ரெண்டு பஸ் மாறி இங்க எதுக்கு வந்தேன்? கொஞ்ச நாளா அப்பா ஞாபகமாவே இருக்கு. அவரைப் பத்தி வேற யார்கிட்ட பேசறது? அவருக்கு நாம ரெண்டு பேருதானே. ஆனா அன்னைக்கு ஊர் முன்னாடி என்னை நிறுத்தின. இன்னைக்கு இந்தப் போன்ல நிறுத்திட்ட."

"ஏழு வருஷமா உனக்காகத் தினமும்..."

"என்னைப் பத்திக் கடவுள்கிட்ட தினமும் பேசியிருக்க. என்கிட்ட ஒரு தடவை பேசலையே அண்ணா."

சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான்.

டாக்டரின் நாக்கு நுனியில் நாலு வசனம் வரிசையில் நின்றது. நாலும் பொருத்தமான வசனங்கள். அதில் ஒன்றைச் சொன்னாலும் இவன் இனி இந்தப் படி ஏறமாட்டான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"ஒரு நிமிஷம் நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். எழுத எழுத, அவனுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்.

"மேலே எழுதியது தவறு. தம்பி கையைத் தூக்கியது வலி தாங்காமல். மரத்ததா என்று பார்க்காமல் பல்லைப் பிடுங்கியவன் நான். அப்பா அடக்கத்தில் அவனை அவமானப்படுத்தியவனும் நான். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

அனுப்பினார். அடுத்த நொடியே பதில்கள் வந்தன. "ஆமென்!" "தேவனுக்கே மகிமை!" "அல்லேலூயா, தொடர்ந்து ஜெபிப்போம்!" பதினாறு ஆமென் வரை வந்தது. ஒருத்தராவது படித்த மாதிரித் தெரியவில்லை.

டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பி எட்டிப் போனைப் பார்த்தான். கோணிய உதட்டின் வழியே அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேல இன்னொரு பல்லும் ஆடுது" என்றான், கண்ணைத் துடைத்தபடி. "அடுத்த வாரம் வர்றேன். ஆனா பேசறது நானு. நீ கேக்கணும்."

தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று சொல்ல டாக்டர் வாயெடுத்தார். அதை விழுங்கிக்கொண்டு, திங்கட்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்று மட்டும் கேட்டார்.