சென்னையிலிருந்து காதுகுத்துக்கு இரண்டு வழிகள்

1

இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. சென்னையிலிருந்து சேலம் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினேன். விமானத்தில் ஒரு மணி நேரம், காரில் ஆறு மணி நேரம் என்றது. மிச்ச ஐந்து மணி நேரம் எங்கே போகிறது என்று யோசித்ததில், ஊருக்குப் போவதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

‘ஏற்காட்டில் பனி மூடிய ஒரு காலையில் காயத்ரி...’

(வேண்டாம். ஏற்காடு என்றாலே பனிதானா?)

2

காயத்ரிக்கு ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் கொஞ்சம் காப்பித் தோட்டமும், கவிப்பிரியா என்று மூன்று வயது மகளும். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். மாமன்களோ இரண்டு பேர். சென்னையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். யார் மடி என்பதில் தகராறு.

“மடியென்ன எலக்சன் சீட்டுங்களாண்ணா?” என்று கேட்டுப் பார்த்தாள். அடங்கவில்லை. “சரி, ரெண்டு பேரும் ஒண்ணாக் கெளம்புங்க. யாரு மொதல்ல எங்கூட்டு வாசப்படி மிதிக்கறீங்களோ, அவுங்க மடிதான்!”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. தோற்கிற அண்ணன் கோபித்துக்கொண்டு இனி வராமலே இருந்துவிட்டால்? பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த இரண்டு பேர்தான்.

3

முனியப்பன் விமானம். சக்திவேல் கார்.

‘மேகங்களுக்கு நடுவே முனியப்பன்...’ (நான் விமானம் ஏறியதில்லை. இந்த வாக்கியம் இங்கேயே இறங்கிக்கொள்கிறது.)

காயத்ரி மாறி மாறிப் போன் போட்டாள்.

“இன்னும் ஏறவே இல்ல கண்ணு. நொம்ப நீள வரிசை,” என்றார் முனியப்பன்.

“உளுந்தூர்பேட்டை தாண்டியாச்சு சாமி. ஒண்ணுக்குக்கூட எறங்கல!” என்றார் சக்திவேல்.

(நம்ப முடிகிறதா? எனக்கும் சந்தேகம்தான். காயத்ரி நம்பினாள்.)

அடுத்த முறை முனியப்பன் சேலத்தில் இறங்கியிருந்தார். அவர் பெட்டி மட்டும் வெளியே வரவில்லை. சக்திவேல் வாழப்பாடியில்.

4

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஒரு சுற்றுலா வேன் மூச்சிரைத்து நின்றது. அதன் பின்னால் சக்திவேல். அவர் பின்னால், வாடகைக் காரில் முனியப்பன்.

(என் சதி என்பீர்கள். அந்த வளைவில் ஒருநாள் நின்று பாருங்கள்.)

ஒருவழியாக ஊர் சேர்ந்து, கார்களைத் தெருமுனையில் விட்டுவிட்டு இருவரும் ஓடிவந்தார்கள். ஒரே நேரத்தில் நுழைந்து, நிலைப்படியில் தோளோடு தோள் சிக்கிக்கொண்டார்கள்.

“நாந்தான் மொதல்ல!”

“என்ற கால்தான்டா உள்ள இருக்குது!”

காயத்ரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “புள்ளைக்கு ரெண்டு காது இருக்குதுங்ண்ணா. ஆளுக்கு ஒண்ணு!”

முனியப்பன் மடியில் வலது காது. ஆசாரி குத்தினார். அலறல் கரடியூர் வரை கேட்டிருக்கும்.

5

‘சக்திவேல் மடியில் இடது காதும் இனிதே...’ என்று எழுதினேன். கவிப்பிரியா ஒத்துக்கொள்ளவில்லை. வலி என்னவென்று இப்போது அவளுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் மூலையில் ஒட்டிக்கொண்டாள்.

“வா கண்ணு, மாமன் பொம்மை வாங்கித் தர்றேன்.”

“மாட்டேன்.”

“சின்ன மாமன் மடி வலிக்காது சாமி,” என்று தம்பிக்காகக் கெஞ்சினார் முனியப்பன்.

இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் கட்டிலுக்கு அடியில் நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். வெளியே நான்கு கால்கள். காயத்ரி அதைப் பார்த்தபடி ஆசாரிக்குக் காப்பி ஊற்றினாள். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நானும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். வரமாட்டேன் என்கிறாள். நீங்கள் கொஞ்சம் குனிந்து கூப்பிடுங்களேன்.

(கையை நீட்டாதீர்கள். கடிக்கிறாள்.)