கழற்றி வைத்த பெல்ட்

தம்பிக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டர் திரையைக் குத்தி உடைத்திருப்பான். ஆஸ்பத்திரிச் சொத்தாயிற்றே என்று மேஜையை அறைந்ததோடு விட்டான்.

அவன் குடல் மருத்துவர். அக்காவுக்குக் கொஞ்ச காலமாக மலம் தார் போலக் கறுத்துப் போகிறது. உள்ளே எங்கோ ரத்தம் ஒழுகுகிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தாயிற்று, கீழ் வழியே பெருங்குடலையும் பார்த்தாயிற்று. இரண்டும் சுத்தம். இதற்குள் இருமுறை மயங்கி விழுந்து, ரத்தமும் ஏற்றியாயிற்று. மிச்சம் இருப்பது நடுவிலுள்ள சிறுகுடல். அந்தக் குழாய்கள் எட்டாத இடம். அதற்காகத்தான் மாத்திரை அளவு கேமராவை விழுங்க வைத்து, அது அனுப்பும் படங்களைப் பதிவுசெய்யும் பெல்ட்டை இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

இப்போது திரையில் படம் சிறுகுடலுக்குள் நுழைந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. மறுபடி வந்தபோது கேமரா பெருங்குடலில் சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தது.

"பெல்ட்ட கழட்டுனியா?"

அக்கா புருஷனைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார்.

"நம்ம பொண்ணுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையோட அம்மா திடீர்னு வந்துட்டாங்கப்பா. இவ இடுப்புல லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது. பொண்ணோட அம்மா சீக்காளின்னு தெரிஞ்சா சம்பந்தம் என்னாகும்? நான்தான் கழட்டி பீரோவுல வைக்கச் சொன்னேன்."

"ரத்தம் பீரோவுக்குள்ளயா ஒழுகுது, மாமா?"

"மெதுவா பேசுடா," என்றாள் அக்கா. அவள் உதடு காகிதமாய் வெளுத்திருந்தது.

"நீ செத்தப்புறம் மெதுவா பேசுறேன்!"

அடுத்த கேமராவை விழுங்க வைத்த அன்று லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டிலேயே காவலுக்கு உட்கார்ந்தான். மதியம் காலிங் பெல் அடித்தது. வாசலில் அதே சம்பந்தியம்மா. மாமா கண்ணைக் காட்டினார், அக்காவின் கை பெல்ட்டுக்குப் போனது.

"கை வச்ச, தெரியும் சேதி!" என்று அக்காவிடம் சீறிவிட்டு, வந்தவள் பக்கம் திரும்பினான். "அக்காவுக்கு உள்ள ரத்தம் ஒழுகுது. எங்கன்னு பார்க்கத்தான் இந்த பெல்ட்டு. இதுக்காக சம்பந்தம் வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

சம்பந்தியம்மா மினுக்கும் விளக்கையே பார்த்தபடி, "எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

"கறுப்பாப் போச்சு," என்றாள் அக்கா, தரையைப் பார்த்து.

கொடுத்த காப்பியைத் தொடாமலே அந்த அம்மா எழுந்து போனாள். "போச்சு, எல்லாம் போச்சு," என்று மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் படத்தில் அது சிக்கியது. சிறுகுடலின் நடுவே ஒரு பொட்டளவு ரத்தக்குழாய், கசிந்துகொண்டு. இடம் தெரிந்துவிட்டால் அதுவரை எட்ட நீளமான குழாய் ஒன்று இருக்கிறது, அதை விட்டுச் சுட்டு அடைத்துவிடலாம். அப்பாடா என்று அவன் சாய்ந்தபோது போன் அடித்தது.

"தம்பி, மாப்பிள்ளையோட அம்மா பேசுறேன்." குரல் கிசுகிசுத்தது. "எனக்கும் கொஞ்ச நாளா கறுப்பாத்தான் போகுது. முதல் தடவை உங்க அக்கா வீட்டுக்கு வந்தப்பவே தலை சுத்துச்சு, காட்டிக்கல. யாருக்கும் தெரியாம வந்து பார்த்துக்கலாமா? முக்கியமா உங்க மாமாவுக்கு..."

அடங்கியிருந்த கோபம் குபீரென்று ஏறியது.

"ஊருக்கே தெரிய வாங்க!" என்று கத்தினான். "இன்னிக்கே வாங்க!"