சந்தனம் வைக்காத பிளக் பாயிண்ட்

"கைய எடுங்க அண்ணாச்சி!"

குழைத்த சந்தனத்தோடு அடுப்படி பிளக் பாயிண்ட்டுக்குப் போன காசிராஜனின் விரல்கள் பாதியில் நின்றன. ஆயுத பூஜையன்று தன் தீப்பெட்டி ஆபீஸ் மிஷினிலிருந்து வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டு சுவிட்ச் போர்டு வரை தன் கையாலேயே பொட்டு வைப்பார். போட்டோ எடுக்கவும் ஆள் உண்டு.

மாடியில் அவர் புது ஹால் கட்டியதிலிருந்தே அந்தப் பாயிண்ட் சரியில்லை. எதையும் செருகாத நேரத்திலும் தொட்டால் சுட்டது. பிறகு ஒரு பக்கம் கருகியது. கீழே குடியிருக்கும் சுதாராணி அதை அவரிடம் சொல்லாத நாளில்லை. முந்தாநாள் மகள் ஜெயப்பிரியா சார்ஜரைச் செருகப் போய்த் தூக்கியெறியப்பட்டாள். இன்னும் அந்தக் கையை நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டே திரிகிறாள்.

"ஈரச் சந்தனம். உள்ள எறங்குனா உங்களையும் தூக்கி எறிஞ்சிரும்."

"சாமி காரியத்துல குறுக்க பேசாத தாயி. எந்நேரமும் கிரைண்டரப் போட்டா பாயிண்ட் என்ன செய்யும்?"

"எம்புள்ள செத்திருப்பா அண்ணாச்சி."

"சாகலேல்லா?"

சொல்லிவிட்டுப் பொட்டை வைத்தார், பாயிண்ட்டில் அல்ல, ஒரு முழம் தள்ளிச் சுவரில். வாய்க்கு இல்லாத பயம் விரலுக்கு இருந்தது.

"மாடிக்கு வாங்க. தொழிலாளர் பாதுகாப்பு பத்திப் பேசுதேன். சுண்டல் உண்டு."

அவர் ஆபீசிலேயே வேலை பார்க்கும் முத்துசெல்வம் மனைவி சுதாராணியின் காதைக் கடித்தான். "பேசாம இரு. காலி பண்ணச் சொன்னா வேற வீட்ட எங்கன போய்த் தேட?"

"வீட்டத் தேடிக்கிடலாம். புள்ளய எங்கன போய்த் தேட?"

மேலே மைக் கரகரத்தது. "தொழிலாளியின் உயிர் என் உயிர்..."

சுதாராணி மாடிக்குப் போகவில்லை. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் மீட்டர் பெட்டிக்குப் போனாள். தன் வீட்டு மெயினைக் கீழே தள்ளி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். பாயிண்ட்டை மாற்றும்வரை இந்த வீட்டுக்குக் கரண்டே வேண்டாம்.

வீட்டு மின்விசிறி நின்றது. மாடி மைக்கும் நின்றது. படியெல்லாம் மின்னிய சீரியல் லைட்டுகளும் அணைந்தன. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டிலும் வெளிச்சம்.

அவள் இருண்ட மாடியைப் பார்த்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்தாள். எதையும் செருகாத பாயிண்ட் எதற்காகச் சுட்டது என்பது இப்போது விளங்கியது.

பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து மேலே யாரோ கை தட்டினார்கள்.

"ஏலே, எவன்லே மெயின அமத்துனது?" செல்போன் வெளிச்சத்தில் காசிராஜன் படியிறங்கி வந்தார். விரல்களில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "கட்டயக் குடு தாயி. பெரிய மனுசங்கள்லாம் மேல இருட்டுல உக்காந்திருக்காவ."

"எங்க வீட்டுக் கட்ட அண்ணாச்சி. உங்க மாடிக்கு இதுல என்ன சோலி?"

போட்டோ எடுப்பவன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டான்.

சுதாராணி ஃபியூஸ் கட்டையை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்தாள்.

ஜெயப்பிரியா அருகில் வந்தாள். நெஞ்சோடு ஒடுக்கியிருந்த கையை மெல்ல நீட்டி, அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் சுடுதும்மா."