தகுதிக்கு எதிரே ஒரு கோடு

1

இந்தக் கதை ஓர் அட்டையில் பிறந்தது. பழைய அலமாரியை ஒழித்தபோது கிடைத்தது. 'கல்லூரியில் சேர விரும்பும் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதப் பயிற்சி. மர்சலின், சாந்தோம், 1946.' கீழே 'தகுதி' என்று போட்டு, எதிரே வெறும் கோடு. மற்றதெல்லாம் என் சரக்கு.

2

கோயில் மணி ஒலித்தபோது மர்சலின்—

(வேண்டாம். சாந்தோம் என்றாலே எல்லோரும் மணியடித்துவிடுகிறார்கள்.)

மர்சலினுக்கு வயது முப்பத்தைந்து. பதினோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். கல்லூரியில் இன்டர்மீடியட் முதல் வருஷத்தோடு படிப்பை நிறுத்தியதை யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தால் ஒரு பெண்ணும் படியேறாது என்று பயம். அவள் ஒரு வரிகூட எழுதித் தரமாட்டாள். சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் கேள்வி மட்டும் கேட்பாள். அதிகமாகக் கேட்டது, 'இது உண்மையா?'

3

முதல் வரைவில் அவளிடம் வந்தவள் ஒரு வக்கீலின் மகள். வக்கீல் மகளுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். கதை படுத்துக்கொண்டது. அதனால் செண்பகத்தைக் கூட்டிவந்தேன். அடையாற்றங்கரையில் குடிசை, அம்மா வேலம்மா மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். (பள்ளியிறுதியில் தேறினாளா? எழுதுகிறவன் நான். தேறினாள்.)

'எனக்குப் படிப்பில் மிகுந்த ஆர்வம்' என்று செண்பகம் எழுதினாள். ஓரத்தில் மர்சலின் கேட்டாள்: 'உனக்கா, அம்மாவுக்கா?' நல்ல தாளில் பிரதியெடுத்தபோது செண்பகம் அந்தக் கேள்வியையும் சேர்த்து எடுத்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று கீழே பதிலும் எழுதினாள்: 'எனக்குத்தான். அம்மா வேண்டாமென்று அழுதார்.' அப்படியே தபாலிலும் போட்டுவிட்டாள்.

4

கல்லூரியிலிருந்து* நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அடியில் அச்சில் ஒரு விதி: பிறர் உதவியோடு எழுதிய விண்ணப்பம் ரத்து செய்யப்படும்.

* எந்தக் கல்லூரி என்று தேடாதீர்கள். நான் கட்டியது.

போகவேண்டிய நாள் காலையில் செண்பகம் வந்து நின்றாள்.

"டீச்சரக்கா, அந்தக் கேள்விய யாரு கேட்டதுன்னா இன்னா சொல்றது? நானே கேட்டுக்கினேன்னு சொல்லிடவா?"

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். 'அப்படியே சொல்லு என்றாள் மர்சலின்' என்று எழுதினேன். எழுதிய வரியின் ஓரத்தில் 'இது உண்மையா?' என்று சிவப்பில் கேட்பது அவளேதான். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் வேண்டும், அம்மா!

வரியை அடித்தேன்.

"என் பேரைச் சொல்லு," என்றாள் மர்சலின். "என்ன படிச்சவங்கன்னு கேப்பாங்க. இன்டர் முதல் வருஷத்தோட நின்னுட்டாங்கன்னு அதையும் சொல்லிடு."

"அப்பால சீட்டு கெடைக்காதுக்கா. உங்ககிட்டயும் யாரும் வரமாட்டாங்க."

"கேள்விதான் என்னோடது. பதில் நீ எழுதினது. அதைச் சொல்ல மறந்துடாத."

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் இடம் கிடைத்தது. ஒன்றில்— இரண்டையும் கிழித்தாயிற்று.

கல்லூரி மேஜைக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். செண்பகம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு நிற்கிறாள். அச்சடித்த விதி உங்கள் முன்னால் இருக்கிறது, அவள் விண்ணப்பமும் இருக்கிறது. அடுத்த பெண்ணை இன்னும் கூப்பிடவில்லை.