மூணாவது பிராக்கெட்

ஞாயித்துக்கிழமை ஆனா நான் பல் டாக்டரோட கார் ஷெட்டுக்குப் போயிடுவேன். பல் வலியெல்லாம் இல்லை. அவர் காரை வெயில்ல நிறுத்திட்டு, ஷெட்டுக்குள்ள ஒரு உலை, ஒரு பட்டடைக்கல், சுவர் முழுக்க சுத்தியலும் குறடுமா மாட்டி வெச்சிருக்கார். வாரம் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்கற மனுஷன். ஒரு நாளாவது அலறாத ஒண்ணை அடிக்கணும்னு ஆசைப்பட்டு ஆரம்பிச்சாராம். அவரோட சேர்ந்து இரும்பு அடிக்கறது நானும், டவுன் பஸ் ஓட்டற ஒருத்தரும். அவரை டிரைவர்னுதான் கூப்பிடுவோம். நான் மருந்துக்கடையில வேலை பாக்கறேன். மூணு பேருக்கும் இது தொழில் கிடையாது. சோறு போடாது, சட்டையில ஓட்டை மட்டும் போடும்.

என் நாத்தனாருக்கு இது சுத்தமாப் பிடிக்காது. வீட்டுக்காரரோட அக்கா. தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் முத்திரை குத்திட்டு, ரிட்டயர் ஆகி எங்களோட இருக்காங்க. "ஊர்ல இருக்கற பொம்பளைங்க ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அதிகமாத் தூங்குவாங்க. இவ மூஞ்சியில கரி பூசிக்கப் போறா"ன்னு என் காதுல விழணும்னே சொல்லுவாங்க. நான் என்ன சும்மாவா இருப்பேன்? "என் மூஞ்சியிலதானே பூசிக்கறேன், உங்க மூஞ்சியில இல்லையே"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில. அவங்களுக்கு அந்த நுனி வரைக்கும் கூட வர வேண்டாம்.

அப்படி இருந்தவங்க அஞ்சு மாசம் முன்னாடி மாடிப்படியில விழுந்தாங்க. எங்க வீட்டுப் படி குறுகல், பதினாலு படி, பிடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. இடுப்புல அடி. அவங்க ரூம் மாடியில. எலும்பு கூடினதுக்கு அப்புறமும் கீழே வரலை. டாக்டர் எத்தனை தடவை சொல்லியும் முதல் படியில நின்னு கீழே பாப்பாங்க, திரும்பிப் போயிடுவாங்க. தட்டு மேலே போகும், காலியா கீழே வரும். என்னைத் திட்டறதுக்குக் கூட அவங்களுக்குத் தெம்பு இல்லாமப் போச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, அந்தத் திட்டு இல்லாம எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

அதனாலதான் கைப்பிடி பண்ணினேன். நீளமா ஒரு இரும்புக் கம்பி, அதைச் சுவத்துல தாங்கிப் பிடிக்க மூணு பிராக்கெட். எல்லாம் என் கையால. முதல் ரெண்டு பிராக்கெட் முடிக்கவே நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு, ரெண்டு விரல் வெந்துது. மாட்டின அன்னிக்கு நாத்தனார் மேலே நின்னு கம்பியைத் தடவிப் பாத்தாங்க. மறுநாள் நான் அடுப்படியில இருக்கேன், பின்னாடி குரல்: "காபித்தூள் எங்கே வெச்சே? நாலு மாசத்துல அடுப்படியையே மாத்தி வெச்சிருக்கே." எனக்கு கையும் ஓடலை காலும் ஓடலை. அன்னிலேருந்து மூணு வாரமா தினம் ரெண்டு தடவை இறங்கினாங்க. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட ஜன்னல் வழியா, "என் தம்பி பொண்டாட்டி இரும்பையே வளைச்சுப் போட்டா பாத்துக்கோங்க"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் விழாத மாதிரி இருந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை ஷெட்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். டிரைவர் பையிலேருந்து ரெண்டு துண்டு இரும்பை எடுத்துக் கல்லு மேல வெச்சார்.

"இது என்ன தெரியுதா? நான் பண்ணின உளி. கீழே விழுந்துச்சு. ரெண்டாப் போச்சு."

"கீழே விழுந்து உடைஞ்சுதா? பண்ணினது இரும்புலயா பீங்கான்லயா?"ன்னு நான் கேட்டேன்.

"சிரிங்க, சிரிங்க. லாரி ஸ்பிரிங் பட்டை அது. அவசரமாப் போகணும்னு செவக்க இருந்ததை அப்படியே தண்ணியில முக்கிட்டேன்."

பல் டாக்டர் தலையில கையை வெச்சுக்கிட்டார். "யோவ், சாதா இரும்பை முக்கினா ஒண்ணும் ஆகாது. ஸ்பிரிங்கை முக்கினா கண்ணாடி ஆயிடும். மறுபடி லேசா சூடு காட்டி அந்த முறைப்பை எடுக்கணும். எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு அப்பவே புத்தி வந்திருக்கணும் டாக்டர். ஓரத்தைத் தேய்க்கலாம்னு அரத்தை வெச்சேன், கண்ணாடி மேல போற மாதிரி வழுக்குச்சு. நான் அரம்தான் மொன்னைன்னு அதைத் தூக்கிப் போட்டேன்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

மூணாவது பிராக்கெட் அடிக்கும்போது என்கிட்ட கம்பி தீந்துபோச்சு. மூலையில இருந்த டின்லேருந்து துரு பிடிச்ச ஒரு பட்டையை எடுத்தேன். என்ன இரும்புன்னு யாரையும் கேக்கலை. மருந்துக்கடையில லேபிள் இல்லாத மாத்திரையைக் கையால தொட மாட்டேன், இங்கே மட்டும் அப்படி ஒரு அவசரம். சூட்டோடயே திருகாணிக்கு ஓட்டை குத்தினேன். கடைசியில, மத்த ரெண்டையும் முக்கின மாதிரியே அதையும் வாளித் தண்ணியில முக்கினேன். ஓரம் தேய்க்க அரத்தை வெச்சா வழுக்குச்சு. நானும் அரத்தைத்தான் திட்டினேன். அந்த பிராக்கெட் படிக்கு நட்ட நடுவுல இருக்கு.

"டாக்டர், அந்த டின்ல இருந்ததெல்லாம் என்ன இரும்பு?"

"அதுவா? எல்லாம் பழைய ஸ்பிரிங் பட்டை. ஏன்?"

சொன்னேன். டிரைவர் டம்ளரைக் கீழே வெச்சுட்டார். நான் வீட்டுக்கு போன் பண்ணினேன். நாத்தனார் எடுக்கலை. வீட்டுக்காரர் செல்லுக்குப் போட்டா, முடி வெட்டிக்கப் போயிருக்காராம், பின்னாடி கத்தரி சத்தம். வழக்கமா பதினோரு மணிக்கு அவங்க இறங்குவாங்க. மணி பத்தே முக்கால்.

"பதறாதீங்க"ன்னார் பல் டாக்டர். "இப்போதைக்கு எதையாவது சொல்லி இறங்க விடாமப் பாத்துக்கோங்க. மத்தியானம் அவங்க தூங்கினதும் நான் வர்றேன், அரை மணி நேரத்துல வேற மாட்டிடலாம். அவங்களுக்குத் தெரியவே வேண்டாம். தெரிஞ்சா மறுபடி மாடியிலயே உக்காந்துடுவாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். எனக்கும் அதான் பயம். விழுந்துடுவாங்கன்னு ஒரு பயம், விழாமலே ஒரேயடியா மேலே போய் முடங்கிடுவாங்கன்னு இன்னொரு பயம். இடுப்புல கட்டின தோல் ஏப்ரனைக் கூட கழட்டாம ஓடினேன். பத்து நிமிஷ நடை, நாலு நிமிஷத்துல போனேன்.

கதவைத் திறந்தா, அவங்க நாலு படி இறங்கிட்டாங்க. கை கம்பி மேல.

"அக்கா, அங்கேயே நில்லுங்க! பெயிண்ட் அடிச்சிருக்கு, தொடாதீங்க!"

அவங்க கையைத் திருப்பிப் பாத்தாங்க. "பெயிண்டா? காலையிலேருந்து நான் வீட்லயேதான் இருக்கேன். யாரு வந்து அடிச்சுட்டுப் போனது, பேயா? இது என்ன கோலம்? எதுக்கு இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

ஒரு பொய்யை உருப்படியாச் சொல்ல வரலை எனக்கு. இன்னொண்ணு யோசிச்சேன். அவங்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்தக் கண்ணைப் பாத்து ரெண்டாவது பொய் வாயிலேருந்து வரலை.

"நடுவுல இருக்கற பிராக்கெட் சரியில்லை அக்கா. தப்பான இரும்புல பண்ணிட்டேன். எப்ப வேணா உடையும். மூணு வாரமா உங்களை அதைப் பிடிச்சுக்கிட்டு இறங்க விட்டிருக்கேன். என் தப்புதான், வேற யாரோடதும் இல்லை."

அவங்க கம்பியிலேருந்து கையை எடுத்தாங்க. நான் ஓடிப்போய் ஒரு படி கீழே நின்னு தோளைக் காட்டினேன். மெதுவா இறங்கினோம். என் தோள்ல அவங்க கை பட்டும் படாம இருந்துச்சு, அவ்வளவுதான். பயத்துல இருக்கற மனுஷி இப்படியா பிடிப்பாங்கன்னு தோணுச்சு.

கீழே நாற்காலியில உக்காந்ததும், "எங்கே, உடைச்சுக் காட்டு"ன்னாங்க.

"வேண்டாம் அக்கா, அப்புறம் கழட்டிக்கறேன்."

"காட்டுன்னு சொல்றேன்ல."

ஏப்ரன் பையிலயே சின்னச் சுத்தியல் இருந்துச்சு. நடுப்படி வரைக்கும் ஏறி, ஆணி அடிக்கற பலத்துல பாதிதான் தட்டினேன். டிங்குன்னு ஒரு சத்தம், பிராக்கெட் ரெண்டா உடைஞ்சு ஒரு பாதி படி படியா உருண்டு அவங்க கால்கிட்ட வந்து விழுந்துச்சு. உள்பக்கம் உப்புக்கல்லு மாதிரி பொடிப்பொடியா மின்னுச்சு. படியிலயே உக்காந்து ஓன்னு அழுதேன். கடையில கணக்குத் தப்பினா கூட அழாதவ நான்.

"சரி, சரி. யாரு செத்துப் போயிட்டாங்கன்னு இப்படி அழறே?" குனிஞ்சு அந்தத் துண்டை எடுத்துப் பாத்தாங்க. "நான் இதுல ஒரு நாளும் சாஞ்சதில்லை."

"என்னது?"

"நம்பிக்கை இல்லடி. இரும்பு அடிக்கற வேலையெல்லாம் ஞாயித்துக்கிழமை கத்துக்கிட்டா வந்துடுமா? விரலைச் சுட்டுக்கிட்டு வந்து மாட்டினே, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. உன் மூஞ்சி வாடிடுமேன்னு மேலாப்பல கையை வெச்சுக்கிட்டு, என் காலாலதான் இறங்கினேன். முட்டி ரெண்டும் செத்துச் சுண்ணாம்பாப் போச்சு."

அழுகை நின்னு எனக்குக் கோபம் வந்துடுச்சு. "அப்ப பக்கத்து வீட்டம்மாகிட்ட அடிச்சுக்கிட்ட பெருமை?"

"பெருமை வேற, உசிரு வேற."

சிரிக்கறதா திட்டறதான்னு தெரியலை எனக்கு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வேற அடிச்சு மாட்டறேன். அதுக்கும் சும்மா கையை வெச்சுக்கிட்டுதான் வருவீங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்லை. அதுல சாஞ்சுக்கறேன்."

"இப்ப மட்டும் எப்படி நம்பிக்கை வந்துச்சாம்? உங்க கண்ணு முன்னாடிதானே உடைஞ்சுது?"

"பெயிண்டாம் பெயிண்டு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே அந்தத் துண்டை மடியில வெச்சுக்கிட்டாங்க. காபி குடிச்சோம். வீட்டுக்காரர் முடி வெட்டிக்கிட்டு வந்து, ரெண்டு பேரையும் உடைஞ்ச இரும்பையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு உள்ளே போயிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு நாத்தனார் எழுந்தாங்க.

"வா, மேலே கொண்டு போய் விடு."

முதல் படியில காலை வெச்சாங்க, என் தோள்ல கையைப் போட்டாங்க. அவங்க உடம்பு பாரம் முழுசும் என் மேல இறங்குச்சு.