அக்ராய்டின் முறை

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளிஃபோர்ட் ‘ஆட்டுக்கடா’வின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. அவன் எதிர்பார்த்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு இதே பப்பில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தவன், சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஜில் அக்ராய்டை அடித்துப் போட்டான். அவளுக்குப் பத்தொன்பது வயது. சிறையிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள்.

ஜில்லின் அப்பா அக்ராய்ட், எப்போதும் நிற்கும் மூலையில், கூட்டாளிகள் ஐந்து பேரோடு நின்றுகொண்டிருந்தார். திரும்பி ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

“போயிடலாம் கிளிஃப்,” என்றாள் அவன் மனைவி டோரீன்.

“இன்னிக்கு ஓடிட்டா அப்புறம் ஊரை விட்டே ஓடணும்.”

அவள் உட்கார்ந்தாள். அவள் பிறந்த ஊர் இது. ஒரு சொட்டுகூடக் குடிக்க மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் கூட வரவே சம்மதித்தாள்.

கடைக்காரி பெரில் வந்தாள். கெட்டவன் நல்லவன் பார்க்காமல் எல்லாரையும் கண்ணு என்று கூப்பிடுகிற பிறவி அவள். அன்றைக்கும் வாய் தவறவில்லை.

“மாடா ஆடா கண்ணு?”

“மாடு. ரெண்டு பேருக்கும். குடிக்கத் தண்ணி போதும்.”

யார்க்ஷயரில் புட்டிங் இனிப்பு இல்லை. அதுதான் முதலில் வரும். முட்டையும் மாவும் கலந்து சுட்டது, கிண்ணம்போல் உப்பி, ஓரம் கருகிச் சிவந்து, நடுவில் கிரேவி தளும்பத் தளும்ப வந்தது. பிறகு மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சி, கொழுப்பில் பொரிந்த உருளைக்கிழங்கு, மூக்கில் ஏறும் முள்ளங்கிச் சட்னி. மூன்று வருஷம் சாம்பல் நிறத்தில் எதையோ விழுங்கிய நாக்கு அது. கிளிஃபோர்ட் தலை நிமிராமல் தின்றான். ஒருத்தியைக் கொன்ற ஊரில் உட்கார்ந்து இப்படி ருசித்துத் தின்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தட்டை வழித்துத்தான் தின்றான்.

“என் முறை,” என்று மூலையிலிருந்து அக்ராய்டின் குரல் கேட்டது.

முறை என்றால் அங்கே சின்ன விஷயமில்லை. ஒருவர் பீர் வாங்கினால் கூட்டம் முழுவதற்கும் வாங்க வேண்டும், பிறகு அடுத்தவர். ஒருவனை ஊர் ஒதுக்க வேண்டுமானால் சண்டை போடத் தேவையில்லை, முறையில் அவனை எண்ணாமல் விட்டாலே போதும்.

“வழக்கம்போல அஞ்சா?” என்றாள் பெரில்.

“ஆறு ஊத்து.”

ஆறாவது கிளாஸ் நுரை வழிய கிளிஃபோர்டின் மேசைக்கு வந்தது. “அக்ராய்ட் குடுத்தது,” என்று வைத்துவிட்டு அவள் நிற்காமல் போய்விட்டாள். கிளிஃபோர்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

“தொடாத,” என்றாள் டோரீன்.

“முறையில சேத்துருக்கார், டோரீன். அவரே சேத்துருக்கார். வேண்டாம்னு சொன்னா அவர் மூஞ்சில அடிச்ச மாதிரி.”

“எழுந்து போய்ப் பேசு. குடிக்கிறத விட்டுட்டேன்னு சொல்லு.”

“அது மரியாதை இல்ல.”

மரியாதைக்குத்தான் குடித்தான். அப்படித்தான் தனக்கே சொல்லிக்கொண்டான். வாயில் அதற்குள் எச்சில் ஊறியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அக்ராய்டைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கினான். அவர் லேசாகத் தலையசைத்தார். ஒரே மூச்சில் பாதி போனது, அடுத்த மூச்சில் மீதி.

குடித்தவன் திருப்பி வாங்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனான். பல நாள் கழித்து நெஞ்சு லேசாகியிருந்தது.

“இப்ப என் முறை. எனக்கும் சேத்து ஏழு.”

பெரில் அக்ராய்டைப் பார்த்தாள்.

“ஊத்து,” என்றார் அவர்.

ஏழும் வரிசையாக வந்து நின்ற பிறகுதான் அவர் கிளிஃபோர்டின் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

“நான் குடிக்கிறதில்ல கிளிஃப். ஜில் போன நாள்லேருந்து. என் கையில இருக்கிறது எலுமிச்சத் தண்ணி, இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியாதுங்க. நீங்க குடுத்தீங்களேன்னுதான்...”

“என் பொண்டாட்டிதான் சொன்னா. அவன் திருந்தியிருப்பான், போய்ப் பாருங்க, உங்க மனசும் கொஞ்சம் ஆறும்னு. அதனாலதான் அந்தக் கிளாஸ அனுப்பினேன். வேண்டாம்னு சொல்லிடணும், சொல்லிடணும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டே நின்னேன். நீ மட்டும் அதத் தள்ளி வச்சிருந்தா, நானும் ஒரு தட்டு வாங்கிட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருப்பேன்.”

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் வெளியே போனார். ஐந்து பேரும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். டோரீன் எப்போது எழுந்து போனாள் என்று கிளிஃபோர்டுக்குத் தெரியவில்லை. அவள் தட்டில் இறைச்சி பாதி அப்படியே கிடந்தது.

“வீட்டுக்குப் போ கண்ணு,” என்றாள் பெரில்.

கிளிஃபோர்ட் அந்த ஏழு கிளாஸையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் முதல் கிளாஸை எடுத்தான்.