ஒரு ஸ்பூன் தீர்த்தம்

…ஒரே ஒரு ஸ்பூன்தான் ஊற்றினாளாம், யாரைக் கேட்டு ஊற்றினாள், எண்பது லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் என்ன செய்துவிடும் என்று வேறு கேட்கிறாள், இரண்டு மீன் மல்லாந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் கேள்வி… பிளேடை இன்னும் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் கோடு விழும். பழைய சிலிகான் பசை வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, ஒரு விரல் நீளம் உரிகிறது, உடனே அறுந்துவிடுகிறது, சனியன். பழசின்மேலேயே புதுசைப் பூசினால் ஒட்டாதாம், போன தடவை அப்படித்தான் பூசினேன், அதனால்தான் இந்த வாரம் மறுபடி ஒழுகி ஹால் முழுக்கத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ் பிடிக்க வேண்டாத ஒரே நாள், திருப்பதியில் எல்லா வீட்டிலும் பூரி வாசனை வருகிறது, நான் மட்டும் காலி மீன் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரால்? எல்லாம் என் பெண்டாட்டி ரூபாவால். அவள் வீட்டில் இருந்தால் ஒரு டீயாவது கிடைத்திருக்கும்.

முதல் தடவை ஒழுகியபோதும் நானேதான் அடைத்தேன், மறுநாளே தண்ணீர் நிரப்பி மூன்று மீனையும் விட்டேன், அன்றைக்கென்று பார்த்துத் திருமலையிலிருந்து இறங்கி வந்தாள், படியேறிப் போனதில் கால் இரண்டும் வீங்கியிருந்தது, கையில் தீர்த்த பாட்டில். எனக்கு ஒரு ஸ்பூன், கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு ஸ்பூன், கடைசியில் தொட்டிக்கும் ஒன்று. என்னடி இது என்றால், "எல்லாருக்கும் குட்தேன், அதுங்களும் நம்ம வூட்லதான கீதுங்க" என்று சிரித்தாள். சிரிப்பு! விடிந்ததும் இரண்டு மிதந்தது. பச்சைக் கற்பூரம் போட்ட தண்ணீர், மீனுக்கு விஷமில்லாமல் வேறென்ன? கொலைகாரி என்றேன், கீழ்வீட்டு அம்மா கேட்க, கத்தித்தான் சொன்னேன்… கொஞ்சம் அதிகம்தான். அதற்காக? கோபத்தில் ஆயிரம் வரும், அதையெல்லாம் முடிந்து வைத்துக்கொண்டு வடமாலபேட்டைக்குப் போய் அம்மா வீட்டில் உட்கார்ந்துகொள்வதா, இன்றோடு இருபது நாள். போன் செய்தால் மாமியார் ரத்தினம்மாதான் எடுக்கிறாள், "இவ சாவடிக்கலன்னு நீங்களே உங்க வாயால சொல்லணுமாம் மாப்ள, இல்லன்னா வரமாட்டாளாம்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன்காரன் வண்டி கொண்டுவந்து அவள் பீரோவை ஏற்றிக்கொண்டு போகப்போகிறானாம். இரண்டு மீனுக்கு ஒரு பீரோ! எடுத்துப் போகட்டுமே, எனக்கென்ன… பீரோ போய்விட்டால் அந்தச் சுவர் எப்படி இருக்கும்? நான் ஏன் சொல்ல வேண்டும், நானா ஊற்றினேன்?

ஒருவழியாக நான்கு பக்கமும் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாயிற்று. மிச்சமிருக்கும் ஒரு மீன் பக்கெட்டில் சுற்றிச் சுற்றி வருகிறது, இரண்டு நாள் காய விட வேண்டும், அதுவரை தாங்குமா தெரியவில்லை. காலையில் கடையில் சிலிகான் கேட்டதும், "எந்துக்கு சார், பாத்ரூம்க்கா, சேபல தொட்டிக்கா?" என்றான். மீன் தொட்டிக்குத்தான் என்றேன், வேறு டியூப் எடுத்துக் கொடுத்தான், பசையில் என்ன ஜாதி, எல்லாம் ஏமாற்று வேலை என்று திட்டிக்கொண்டேதான் வாங்கி வந்தேன். அதைப் போடுவதற்குப் பசைத் துப்பாக்கியை எடுத்தால் பழைய டியூப் அதிலேயே இறுகிக் கிடக்கிறது. இழுத்துப் பிடுங்கினேன். பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்து… பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்தது, மீன் தொட்டிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு தடவை படித்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். அப்படியென்றால் தீர்த்தம்… அடப்பாவி, இதை முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன கேடு?

கையைக்கூடத் துடைக்காமல் போன் போட்டேன், அதிசயமாக அவளே எடுத்தாள். "ரூபா, நீ சாவடிக்கல. பசையில மருந்து கீது, நான் இப்பதான் பாத்தேன், கடைக்காரன் பாத்ரூமுக்குப் போட்றத குட்துட்டுக்கீறான், படுபாவி" என்றேன், ஒரே மூச்சில், இனி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "வாஷ்பேசினுக்கு வாங்கினு வந்தியே, அந்த மிச்சம்தான அது?" என்றாள். அவ்வளவுதான், கோபம்கூட இல்லை, போனை வைக்கவும் இல்லை. ஆமாம், அதை எடுத்துத் தொட்டிக்குப் பூசியது நான்தான், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாய்வரை வந்துவிட்டது… ஆனால் பொடி எழுத்துப் போட்ட கம்பெனிக்காரன், ஒழுகுகிற தொட்டியை என் தலையில் கட்டியவன் என்று உள்ளே இன்னும் ஒவ்வொருவனாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறதே, இது என்ன மனசு? அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.